பயணக் கேள்வி-பதில்: பத்துமலைக் குகைக்குள் போகுமுன்

கோலாலம்பூருக்குச் சுற்றுலா செல்லும் நம் வாசகர்களில் பத்துமலையைத் தம் பயணத் திட்டத்தில் சேர்க்காதவர் அரிது. ஆயினும் அங்கே போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் பொன்னிற முருகன் சிலையும் வண்ணப் படிகளும் இருக்கின்றனவே தவிர, குகை இருப்பதில்லை. இம்மாதம் வந்த கடிதங்களில் பத்துமலையைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு விடையளிக்க முனைந்ததற்கு அந்தக் குறையும் ஒரு காரணம்.

அறுபத்தெட்டு வயதான என் தாயாருடன் கோலாலம்பூர் செல்கிறேன். அவருக்கு மூட்டுவலி உண்டு. 272 படிகளை அவரால் ஏற முடியுமா? ஏற முடியாவிட்டால் அவரை அங்கே அழைத்துப் போவதே வீண்தானா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

ஏறுவதா வேண்டாமா என்பதை அடிவாரத்தில் நின்றுகொண்டு முடிவு செய்யாதீர்கள். அங்கே சிலையின் முன்னால் நிற்கும்போது எந்தத் தாயாரும் "முருகன் பார்த்துக்கொள்வான், வா" என்றுதான் சொல்வார். ஊரில் இருக்கும்போதே சோதித்துப் பாருங்கள். ஒரு மாடிக்கு இருபது படிகள் என்று கணக்கு வைத்தால், 272 படிகள் பதின்மூன்று மாடிகளுக்கு மேல் வரும். நான்கு மாடிகளை நின்று நின்று ஏறி, இறங்கிய மறுநாளும் அவர் முழங்காலைப் பிடித்துக்கொள்ளாமல் நடமாடினால், பத்துமலையில் முயன்று பார்க்கலாம். மூட்டுவலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கடினம் என்பதையும், அங்குள்ள படிகள் செங்குத்தானவை, பாதம் வைக்கும் அகலம் குறைந்தவை என்பதையும் மறக்க வேண்டாம். ஓரத்துக் கைப்பிடிக் கம்பியை விடாமல், அவருக்கு ஒரு படி கீழே நீங்கள் நின்றபடி இறங்குவது நல்லது. மழை பெய்து படிகள் ஈரமாக இருந்தால் அன்றைய எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள்.

பலர் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 272 படிகளோடு ஏற்றம் முடிந்துவிடுவதில்லை. மேலே போனதும் சில படிகள் இறங்கித்தான் குகையின் பெரிய கூடத்துக்குள் நுழைகிறோம். அந்தக் கூடத்தைக் கடந்தால், உள்ளே இன்னொரு படிவரிசை ஏறி, கூரை திறந்து வானம் தெரியும் மற்றோர் அறைக்குப் போகிறது. அங்கும் ஒரு சந்நிதி உண்டு. தாயார் முதல் கூடத்தில் அமர்ந்து இளைப்பாற, நீங்கள் மட்டும் அதுவரை போய் வரலாம்.

அவர் ஏறவே இல்லையென்றாலும் பயணம் வீணாகாது. அடிவாரத்திலும் சந்நிதிகள் இருக்கின்றன. பெருமாளுக்கும் அங்கே கோயில் உண்டு. ரயில் நிலையத்தை ஒட்டி, பச்சை நிற ஆஞ்சநேயர் சிலை நிற்கும் இடத்தில் இராமாயணக் குகை இருக்கிறது. தரைமட்டத்திலேயே நுழையலாம், தனிக் கட்டணம் உண்டு. உள்ளே இராமாயணக் காட்சிகளைச் சிலைகளாக வடித்து, வண்ண விளக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். உறங்கும் கும்பகருணனை எழுப்ப ஒரு கூட்டமே பாடுபடும் காட்சியின் முன் குழந்தைகளும் பெரியவர்களும் ஒன்றுபோல நின்றுவிடுகிறார்கள். சிற்பக்கலையின் நுட்பத்தை அங்கே தேட வேண்டாம். ஆனால் சிலைகளுக்குப் பின்னால் உயரும் பாறைச் சுவரும், மேலே தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளும் உண்மையானவை. படியேற முடியாதவர்களுக்கு மலையின் உட்புறத்தைக் காண அதுவே வாய்ப்பு.

பத்துமலைக் கோயிலை எந்த மன்னன் குடைந்தான்? அது மாமல்லபுரத்துக் குகைகளைவிடப் பழமையானதா? (திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

எந்த மன்னனும் குடையவில்லை. குடைவரை வேறு, இயற்கைக் குகை வேறு. நம் ஊர்க் குடைவரைகள், மனிதன் உளியால் கருங்கல்லைச் செதுக்கி வெறுமையை உண்டாக்கிய இடங்கள். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலை எடுப்பித்ததாக முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமிதத்தோடு பொறித்துவைத்திருப்பதை நீங்கள் படித்திருக்கக்கூடும். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த முயற்சியில் கல்லும் உளியும் மட்டுமே பேசுகின்றன.

பத்துமலையைக் குடைந்தது மழைநீர். அந்த மலை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையுள்ள சுண்ணாம்புப் பாறை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் மிக மெல்லிய அமிலமாகிப் பாறையின் வெடிப்புகளைக் கரைத்துக்கொண்டே போனதால் கூடங்களும் சுரங்க வழிகளும் உண்டாயின. கரைந்த சுண்ணாம்பு, சொட்டும் இடத்திலேயே சிறிது சிறிதாகப் படிந்து, கூரையிலிருந்து ஆலம் விழுதுபோலத் தொங்குகிறது. கோயில் உள்ள குகையின் கூரை ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அப்படியே உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாலும் தலைக்கு மேல் இடம் மிஞ்சும் என்றால் அளவு உங்களுக்குப் புலப்படும்.

கோயிலாக அதன் வயது நூற்றைம்பதுகூட ஆகவில்லை. தெமுவான் பழங்குடியினர் ஒதுங்கும் இடமாகப் பயன்படுத்திய இக்குகைகளில், 1860-களில் சீனக் குடியேறிகள் தம் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக வௌவால் எச்சத்தை அள்ளினர். 1878-இல் அமெரிக்க இயற்கையாளர் வில்லியம் ஹார்னடே இவற்றைப் பற்றி எழுதியபின் வெளியுலகம் அறிந்தது. கோலாலம்பூர் தமிழ்ச் சமூகத்தின் தலைவர்களில் ஒருவரும், அந்நகரின் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலை நிறுவியவருமான கா. தம்புசாமிப் பிள்ளை, இக்குகை வாயிலின் வேல் போன்ற தோற்றத்தைக் கண்டு, 1890-ஆம் ஆண்டை ஒட்டி இங்கே முருகனை எழுந்தருளச் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1892 முதல் தைப்பூசம் நடந்துவருகிறது. மரப்படிகள் 1920-இல்தான் வந்தன. இன்றைய கான்கிரீட் படிகள் அதற்கும் பின்னர். அப்படியானால் முதல் முப்பது ஆண்டுகள் பக்தர்கள் காவடியோடு எந்த வழியாக ஏறினார்கள் என்று, கைப்பிடியைப் பிடித்து மூச்சுவாங்கும்போது ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

'பத்துமலை' என்பது முருகனின் பத்தாவது மலை என்பதால் வந்த பெயரா? (சிவகாசி வாசகர்)

'பத்து' என்பது இங்கே எண்ணைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லன்று. மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல் அல்லது பாறை. அருகே ஓடும் சுங்கை பத்து என்ற ஆற்றின் பெயரால் ஊரும் மலையும் அப்பெயர் பெற்றன. 'சுங்கை' என்றால் ஆறு.

ஆனால் மலேசியத் தமிழர்கள் சொல்லும் கணக்கையும் நான் தள்ளிவிட மாட்டேன். தமிழகத்தின் அறுபடை வீடுகள் ஆறு. மலேசியாவில் ஈப்போவின் கல்லுமலை, பினாங்கின் தண்ணீர்மலை, மலாக்காவின் சன்னாசிமலை ஆகியவை மூன்று. ஆக, இது பத்தாவது. காடு திருத்தவும் ரப்பர் பால் வெட்டவும் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட மக்கள், வேற்றுமொழிச் சொல் ஒன்று தம் மொழியிலும் பொருள் தந்து நின்றதைக் கண்டு, விட்டுவந்த ஆறு மலைகளோடு இந்த மண்ணின் மலைகளையும் சேர்த்து எண்ணிக்கொண்டார்கள். சொல்லாராய்ச்சிப்படி தவறு, இருந்தாலும் இதைவிட அழகான தவறு எனக்கு நினைவில் இல்லை.

என்னோடு பணிபுரியும் சீனத் தோழியும் உடன் வர விரும்புகிறார். இந்துக்கள் அல்லாதவர்களை உள்ளே விடுவார்களா? உடை, காலணி, படம் எடுத்தல் ஆகியவற்றுக்கு என்ன விதிகள்? (சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி)

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். தமிழகத்தில் சில கோயில்களின் உட்பிராகார வாயிலில் காணப்படும் அறிவிப்புப் பலகையை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. பத்துமலையில் குகைக்கு எல்லா மதத்தினரும் வருகிறார்கள். சாதாரண நாட்களில் படியேறுபவர்களில் பெரும்பாலோர் பிற நாட்டுச் சுற்றுலாப் பயணிகளே. தைப்பூசத்தில் நேர்த்திக்கடன் செலுத்தும் சீனர்களையும் பார்க்கலாம்.

உடை விஷயத்தில் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது உங்கள் பொறுப்பு. முழங்கால் தெரியும்படி உடுத்திவரும் பெண்களைப் படிக்கட்டின் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். இடுப்பில் சுற்றிக்கொள்ளக் கைலித் துணி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். "அஞ்சு வெள்ளி" என்று யாராவது சொன்னால் திகைக்க வேண்டாம், மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். தளர்ந்து கட்டிய கைலியோடு செங்குத்துப் படியேறுவது இடைஞ்சல்தான் என்பதால், கணுக்கால்வரை மறைக்கும் தளர்வான கால்சட்டையை அணிந்துவரச் சொல்வதே மேல்.

காலணியோடு படியேறலாம், குகைக் கூடத்திலும் நடக்கலாம். சந்நிதி மேடையில் கால் வைக்கும் முன்புதான் கழற்ற வேண்டும். வேண்டுதலோடு வரும் பக்தர்கள் அடிவாரத்திலிருந்தே வெறுங்காலோடு ஏறுவதைக் காண்பீர்கள். கூடத்தைப் படம் பிடிப்பதற்குத் தடையில்லை. தீபாராதனையின்போது கருவறைக்கு நேரே கைப்பேசியை நீட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நம்மவர்களே அதைச் செய்துவிட்டு, வெளிநாட்டார் செய்தால் முகம் சுளிப்பதை அங்கே நேரில் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. தோழியை உள்ளே அழைத்துச் சென்றதும், அவருக்குச் சந்நிதிகளை விளக்கத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். கூரையில் திறப்பு உள்ள இடத்தில் மரங்களின் வேர்கள் தொங்கும்; காலை வெயில் அதன் வழியே சாய்ந்து விழும்; எங்கிருந்தோ ஒரு துளி நீர் தோளில் சொட்டும். உள் அறையில் சேவல்கள் அச்சமின்றி உலவித் திரியும். வேலவனின் கொடியில் இருப்பது அதுதான் என்று நீங்கள் சொல்லப்போக, அங்கிருந்தே உங்கள் விளக்கம் தானாகத் தொடங்கிவிடும்.

குரங்குகள் தொல்லை தருமா? (சேலம் வாசகர்)

தரும். நீண்ட வால் குரங்குகள் படிகளின் கைப்பிடிச் சுவரில் வரிசையாக அமர்ந்திருக்கும். அவை உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கின்றன. பாலித்தீன் பையின் சரசரப்பு அவற்றுக்குச் சாப்பாட்டு மணி. நான் சென்றிருந்தபோது, அர்ச்சனைத் தட்டோடு ஏறிய ஓர் அம்மையாரின் வாழைப்பழத்தை ஒரு குரங்கு எடுத்துக்கொண்டது. அவர் தேங்காயை இறுக அணைத்துக்கொண்டு நிற்க, இன்னொன்று பின்னாலிருந்து தண்ணீர்ப் புட்டியைப் பிடுங்கி, மூடியைத் திருகித் திறந்து, பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கீழ்ப்படியில் வந்தவர்மேல் ஊற்றியது. தின்பண்டம், கண்ணாடி, தொப்பி எல்லாவற்றையும் மூடிய பைக்குள் வைத்துவிடுங்கள். பறித்துவிட்டால் திரும்பப் பிடுங்க முயல வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். உணவு கொடுத்துப் படம் எடுப்பவர்களால்தான் அவை இப்படி ஆயின என்பதால், நீங்களும் கொடுக்காதீர்கள்.

தைப்பூசத்தன்று சுற்றுலாப் பயணியாகப் போவது சரியா? கூட்டத்தைச் சமாளிக்க முடியுமா? (மதுரையிலிருந்து ஒரு தம்பதியர்)

வேண்டுதல் ஏதுமின்றிப் பார்ப்பதற்காக மட்டும் போவது தவறாகுமா என்று உங்கள் கடிதத்தில் ஒரு தயக்கம் தெரிகிறது. தவறாகாது. திருவிழா பார்க்க வருபவர்களும் திருவிழாவின் பகுதிதான். ஆனால் அன்று பத்துமலையைச் சுற்றிப்பார்க்க முடியாது. பத்துமலையில் நடப்பதை மட்டுமே பார்க்க முடியும். குகையின் அழகைக் காண வேண்டுமென்றால் வேறு நாள் போங்கள்.

கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலிலிருந்து முருகனை ஏற்றிய வெள்ளி இரதம் தைப்பூசத்துக்கு முன்னதாகவே இரவில் புறப்பட்டு, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரத்தை, வழியெங்கும் தேங்காய் உடைபட, மணிக்கணக்கில் நகர்ந்து பத்துமலையை அடைகிறது. பக்தர்கள் ஆற்றங்கரையில் நீராடி, அங்கேதான் காவடியும் அலகும் பூட்டிக்கொள்கிறார்கள். பால்குடம் சுமப்பவர்களும், முடியிறக்கிய குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருபவர்களும் உடன் சேர்ந்துகொள்கிறார்கள். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் அன்று பொது விடுமுறை. இலட்சக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள். விடியலுக்கு முன்பே போய்விடுவதும், ரயிலில் போவதும் நலம். அன்று வாடகைக் காரில் கிளம்பினால், மலைக்கு வெகு தொலைவிலேயே இறங்கி நடக்க நேரும்.

காவடி எடுத்து வருபவர் பல நாள் விரதமிருந்து, அந்தக் கணத்தில் தன்னை மறந்து வருகிறார். அவருக்கு வழிவிட்டு நிற்பதும், அவரைத் தொடாமல் இருப்பதும், அலகு குத்தும்போது முகத்தருகே போய்ப் படம் எடுக்காமல் இருப்பதும் உங்கள் கடமை. சுற்றிலும் 'வேல் வேல்' என்று குரல் எழும்போது, நீங்களும் சேர்ந்து குரல் கொடுத்தால் யாரும் உங்களைச் சுற்றுலாப் பயணி என்று நினைக்கப் போவதில்லை.

படிகளுக்கு வண்ணம் பூசியது சட்டப்படி தவறு என்று ஒரு செய்தி படித்தேன். உண்மையா? (புதுச்சேரி வாசகர்)

சர்ச்சை எழுந்தது உண்மை. 2018 ஆகஸ்டில், கும்பாபிஷேகத்தையொட்டி 272 படிகளுக்கும் பல வண்ணங்கள் தீட்டப்பட்டன. பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிய அனுமதி பெறவில்லை என்று மலேசியாவின் தேசியப் பாரம்பரியத் துறை கேள்வி எழுப்பியது. படங்கள் உலகெங்கும் பரவின; வண்ணம் நிலைத்துவிட்டது.

கோபுரத்துக்கு வண்ணம் பூசுவது நமக்குப் புதிதன்று. ஆகவே கோயில் நிர்வாகத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயினும் சாம்பல் நிறப் பாறையும் பச்சைக் கொடிகளும் ஏற்கெனவே போட்டுவைத்திருந்த ஓவியத்தின் நடுவே அந்தப் படிகள் சற்று உரக்கப் பேசுகின்றன என்பது என் எண்ணம்.

உலகிலேயே உயரமான முருகன் சிலை பத்துமலையில் இருப்பதுதானே? (நாமக்கல்லிலிருந்து ஒரு பள்ளி மாணவி)

இப்போது இல்லை. 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்தச் சிலையின் உயரம் 140 அடி. உங்கள் பக்கத்து மாவட்டமான சேலத்தில், புத்திரகவுண்டன்பாளையத்து முத்துமலை முருகன் 146 அடி. 2022-இல் அதற்குக் குடமுழுக்கு நடந்தது. இரண்டையும் வடித்தவர் ஒரே சிற்பி என்பதால், போட்டி என்று சொல்வதற்கும் இல்லை.

கோலாலம்பூரில் எங்களுக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. பத்துமலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? இருட்டுக் குகையையும் பார்க்க முடியுமா? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

இருட்டுக் குகை, படிகளின் மேற்பகுதியில் பிரிந்து செல்லும் தனிக் குகை. இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்க வழிகளும், பத்துமலையின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய அரிய வகைப் பொறிக்கதவுச் சிலந்தியும் உள்ள அக்குகை, 2019-இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

கோயில் குகைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் நேராக அடிவாரத்திலேயே இறக்கிவிடும். கட்டணம் குறைவு, ஆனால் வண்டிகள் அடிக்கடி இல்லாததால் புறப்படும் நேரத்தை முந்தின இரவே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்தால், வெயிலும் பயணக் குழுப் பேருந்துகளும் வரும் முன் ஏறிவிடலாம். பிற்பகலில் அங்கே மழை வழக்கமான விருந்தாளி. ஏறுவதற்குக் கால் மணி நேரம் போதும். பலர் மேலே போய்ப் பத்தே நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள், நீங்கள் ஒரு மணி நேரமாவது இருங்கள். இறங்கியதும் அடிவாரத்து மரக்கறி உணவகங்களில் தோசையோ வாழையிலைச் சாப்பாடோ கிடைக்கும். இளநீரை மட்டும் ஏறும் முன் வாங்க வேண்டாம். காரணத்தைச் சேலத்து வாசகருக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.